கருப்பொருள் கட்டுரையில் மார்க் எங்கே போகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வரலாற்றுத் தேர்வில் கருப்பொருள் கட்டுரை என்பது தனி ரகம். மற்ற கேள்விகள் பாடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும். இது 'மாற்றம்', 'தேசியவாதம்', 'தொழில்நுட்பம்', 'மனித உரிமைகள்' என்று ஒரு சொல்லை மட்டும் மேலே போட்டுவிட்டு, கீழே சில வேலைகளைக் கொடுக்கும். எந்த நாடு, எந்தக் காலம், யார் என்பதெல்லாம் உங்கள் தேர்வு. அந்தச் சுதந்திரத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

நன்றாகப் படித்த மாணவருக்கும் இதில் மார்க் குறையும். திரும்பி வந்த விடைத்தாளில் 'விளக்கம் போதாது', 'பொதுவாக உள்ளது' என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது? அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கட்டுரையில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஆனால் பெரும்பாலான கோளாறுகள் எழுதும்போது வருவதில்லை. எழுதுவதற்கு முன் போடும், அல்லது போடாமல் விடும், திட்டத்திலிருந்து வருகின்றன. ஆகவே முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்வியை வைத்துப் பார்ப்போம்:

கருப்பொருள்: மாற்றம். சில ஆட்சியாளர்கள் தங்கள் நாட்டை நவீனப்படுத்த மேலிருந்து சீர்திருத்தங்களைக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட இருவரைத் தேர்ந்தெடுக்கவும். ஒவ்வொருவருக்கும், சீர்திருத்தத்துக்கு முன் நாடு இருந்த நிலையை விவரிக்கவும். அவர் எடுத்த நடவடிக்கைகளை விளக்கவும். அவை எந்த அளவுக்கு வெற்றி பெற்றன என்று விவாதிக்கவும்.

அறிகுறி: கேள்வி புரிகிறது, ஆனால் பேனா நகரவில்லை

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கருப்பொருளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். 'மாற்றம் என்றால் என்ன' என்று யோசித்தால் யாருக்கும் எதுவும் வராது. வந்தாலும் 'மாற்றம் ஒன்றே மாறாதது' என்று வரும். அதற்கு மதிப்பெண் கிடையாது.

கருப்பொருளைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள். மேலே இரண்டு எடுத்துக்காட்டுகள், பக்கத்தில் மூன்று வேலைகள். ஆறு அறைகள் வரும். ஒவ்வொரு அறையிலும் வாக்கியம் வேண்டாம். பெயர், ஆண்டு, இடம் என்று துண்டுச் சொற்கள் போதும்.

இப்போது யாரைத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் பெரும்பாலோர் தவறான பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். யாரைப் பற்றி நிறையத் தெரியுமோ அவரை எடுக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். எந்த அறை நிரப்பக் கடினமோ அதிலிருந்து தொடங்குங்கள். இந்தக் கேள்வியில் அது மூன்றாவது அறை, அதாவது வெற்றியின் அளவு. யாருக்கு அந்த அறையில் இரண்டு பக்கமும், பலித்ததும் பலிக்காததும், எழுத முடிகிறதோ அவர்தான் உங்கள் எடுத்துக்காட்டு.

ரஷ்யாவின் மகா பீட்டரை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது அறை: 1709-இல் பொல்டாவாவில் ஸ்வீடன் படையை வென்றது, 1721-இல் நிஸ்டாட் உடன்படிக்கையில் பால்டிக் கரை உறுதியானது. மறுபக்கம், பண்ணையடிமைகளின் சுமை கூடியது, தலைவரி வந்தது, பண்ணையடிமை முறை 1861 வரை நீடித்தது. இரண்டு பக்கமும் இருக்கிறது. எடுக்கலாம்.

துருக்கியின் முஸ்தபா கமால் அத்தாதுர்க்: 1923-இல் குடியரசு, 1924-இல் கலீபா பதவி ஒழிப்பு, 1926-இல் சுவிட்சர்லாந்துச் சட்டத்தை ஒட்டிய குடிமைச் சட்டம், 1928-இல் லத்தீன் எழுத்து, 1934-இல் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை. மறுபக்கம், 1930-இல் தொடங்கிய எதிர்க்கட்சி சில மாதங்களிலேயே கலைக்கப்பட்டது. கிராமங்களில் மாற்றம் மெதுவாகத்தான் போனது. இவரும் சரி.

ஜப்பானின் மெய்ஜி சீர்திருத்தம் இன்னும் நன்றாகத் தெரியும் என்கிறீர்களா? கேள்வி 'ஆட்சியாளர்' என்று கேட்கிறது. மெய்ஜி பேரரசரின் பெயரில் நடந்தாலும், 1868-க்குப் பின் வேலையைச் செய்தது ஒரு தலைவர்கள் குழு. அதைச் சொல்லி எழுதலாம்தான், ஆனால் சொல்லி விளக்கவே நான்கு வரி போய்விடும். நேரம் குறைவாக இருக்கும் தேர்வில் நான் அதைத் தவிர்ப்பேன்.

ஆறு அறையும் நிரம்பாமல் முதல் வாக்கியம் எழுத வேண்டாம். ஓர் அறை காலியாக இருந்தால் எடுத்துக்காட்டை மாற்ற இதுதான் நேரம். ஒன்றரைப் பக்கம் எழுதிய பிறகு மாற்ற முடியாது.

அறிகுறி: பக்கம் பக்கமாக எழுதியும் பாதி மார்க்தான்

இது எல்லாவற்றையும்விட அதிகம் காணப்படும் கோளாறு. நன்றாகப் படிக்கிற மாணவர்களுக்கே அதிகம் வருவது.

சோதனை எளிது. பென்சிலை எடுத்து உங்கள் கட்டுரையின் ஒரு பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஓர் எழுத்துப் போடுங்கள். நடந்ததைச் சொல்கிற வாக்கியத்துக்கு 'ந'. ஏன் நடந்தது, அதனால் என்ன ஆனது என்று சொல்கிற வாக்கியத்துக்கு 'ஏ'. பத்தி முழுக்க 'ந' மட்டும் இருந்தால் நோய் இதுதான்.

இப்படி ஒரு பத்தி பாருங்கள்:

'பீட்டர் 1697-இல் மேற்கு ஐரோப்பாவுக்குப் பயணம் போனார். ஹாலந்தில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தார். நாடு திரும்பியதும் பிரபுக்களின் தாடியை மழிக்க வைத்தார். 1703-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரை நிறுவினார். 1705-இல் கட்டாய ஆள்சேர்ப்பைக் கொண்டுவந்தார்.'

எதுவும் தவறில்லை. ந, ந, ந, ந, ந. திருத்துகிறவர் இதைப் படித்துவிட்டு 'சரி, அப்புறம்?' என்று கேட்பார். கேள்வி 'விளக்கவும்' என்றது; இது பட்டியல் போட்டிருக்கிறது. அதே தகவல்களை இப்படி எழுதலாம்:

'மேற்கு ஐரோப்பாவோடு கடல் வணிகம் செய்ய ரஷ்யாவுக்கு இருந்த முக்கியத் துறைமுகம் ஆர்க்காங்கெல்ஸ்க். ஆண்டில் பல மாதம் அது உறைந்து கிடந்தது. பால்டிக் கரை ஸ்வீடன் கையில் இருந்தது. அதைப் பிடிக்கப் பழைய படை போதாது என்பதை 1700-இல் நார்வாவில் பட்ட தோல்வி காட்டிவிட்டது. அதனால்தான் பீட்டர் 1705-இல் கிராமங்களிலிருந்து கட்டாயமாக ஆள் சேர்த்தார். 1703-இல் பால்டிக் கரையில் நிறுவிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும் இதே நோக்கத்தின் பகுதி: ஐரோப்பாவை எதிர்நோக்கும் ஒரு துறைமுகம் வேண்டும். படை, நகரம் இரண்டும் ஒரே தேவையிலிருந்து வந்தவை.'

ஆண்டுகளின் எண்ணிக்கை கூடவில்லை. ஒரு தகவல் இன்னொன்றுக்குக் காரணமாக நிற்கிறது, அவ்வளவுதான். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அதில் புதிய தகவலே கிடையாது. ஆனால் மார்க் வாங்கிக் கொடுப்பது அதுதான்.

இரண்டாவது பத்தியில் தாடி காணாமல் போய்விட்டது. தாடி வரி, அதாவது தாடியை மழிக்க மறுத்தால் கட்ட வேண்டிய பணம், மாணவர்களுக்கு மிகவும் பிடித்த தகவல். பீட்டரைப் பற்றிய விடைத்தாள் என்றால் தாடி இருக்கும், கேள்வி எதுவாக இருந்தாலும். வேடிக்கைக்காகச் சேர்த்தால் அது இடத்தை அடைக்கும், பயன் இல்லை. ஆனால் வேறு அறைக்கு மாற்றினால் அதற்கு வேலை உண்டு. கிராமத்து விவசாயிகள் ஊருக்குள் தாடி வைத்துக்கொள்ளலாம். நகருக்கு வந்தால்தான் கட்டணம். ஆக இந்த மாற்றம் பிரபுக்களையும் நகரவாசிகளையும் குறிவைத்தது, மக்களில் பெரும்பகுதியைத் தொடவில்லை. இதை மூன்றாவது அறையில், 'எந்த அளவுக்கு வெற்றி' என்பதற்குச் சான்றாக வையுங்கள். வேடிக்கைத் தகவல் வாதமாகிவிடும்.

உங்களுக்குப் பிடித்த தகவல் எதுவாக இருந்தாலும் அதைத் தூக்கிப்போடும் முன் வேறு அறையில் உட்காருமா என்று ஒரு முறை பாருங்கள்.

அறிகுறி: 'ஏ' வாக்கியங்கள் இருக்கின்றன, ஆனாலும் 'தர்க்கத்தில் இடைவெளி' என்று எழுதியிருக்கிறார்கள்

இது அடுத்த நிலைக் கோளாறு. 'அதனால்' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது தாண்டுகிற தூரம் அதிகம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வேறு தலைப்பில் இருக்கிறது. போருக்குப் பிந்தைய உடன்படிக்கைகள் பற்றிக் கேட்டால் விடைத்தாள்களில் வரும் வாக்கியம்: '1919-இல் வெர்செயில்ஸ் உடன்படிக்கை ஜெர்மனியை அவமானப்படுத்தியது. அதனால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.'

ஹிட்லர் பிரதமரானது 1933 ஜனவரியில். நடுவே பதிமூன்று ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அவமானம் மட்டுமே காரணம் என்றால் ஏன் இவ்வளவு காலம் ஆனது? 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 விழுக்காடு வாக்குதான். அப்போதும் அதே உடன்படிக்கைதான் இருந்தது. 1932 ஜூலையில் அது 37 விழுக்காட்டைத் தாண்டியது. இடையில் என்ன நடந்தது? 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது, அமெரிக்கக் கடனை நம்பியிருந்த ஜெர்மன் பொருளாதாரம் விழுந்தது, வேலையில்லாதவர்கள் 60 லட்சத்தை எட்டினார்கள்.

இப்போது வாக்கியத்தை மாற்றலாம்: 'வெர்செயில்ஸ் உடன்படிக்கை ஒரு மனக்குறையை உருவாக்கிவிட்டது. ஆனால் 1920-களின் நடுவில் பொருளாதாரம் தேறியிருந்தபோது அதை வைத்து நாஜிகளால் வாக்கு வாங்க முடியவில்லை. 1929-க்குப் பின் வேலையின்மை பெருகியபோதுதான் அந்தப் பழைய குறையைக் கேட்க ஆள் கூடியது.' உடன்படிக்கை இன்னமும் காரணம்தான், ஆனால் தனியாக இல்லை.

உங்கள் கட்டுரையில் இதைச் சோதிக்க, ஒவ்வொரு 'அதனால்', 'எனவே', 'இதன் விளைவாக' என்பதன் கீழும் கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் உள்ள நிகழ்வுகளுக்கு இடையே எத்தனை ஆண்டு என்று பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் நடுவில் ஒரு படி தேவையா என்று யோசியுங்கள். எல்லாவற்றுக்கும் தேவைப்படாது. ஆனால் பத்து ஆண்டைத் தாண்டினால் பெரும்பாலும் தேவைப்படும்.

அறிகுறி: முதல் எடுத்துக்காட்டு ஒன்றரைப் பக்கம், இரண்டாவது ஆறு வரி

கட்டம் போட்டவர்களுக்கு இது குறைவாகத்தான் வரும். வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. இரண்டாவது எடுத்துக்காட்டு உண்மையிலேயே தெரியவில்லை, அல்லது முதலாவது அளவுக்கு மீறித் தெரியும்.

முதல் வகைக்கு மருந்து கட்டத்திலேயே இருக்கிறது: ஒரு எடுத்துக்காட்டில் பத்துத் தகவலும் மற்றதில் இரண்டும் இருந்தால், அந்த இரண்டாவதை மாற்றுங்கள். எல்லாம் தெரிந்த ஓர் ஆளைவிட ஓரளவு தெரிந்த இரண்டு பேர் நல்லது.

இரண்டாவது வகைதான் மனசுக்குக் கஷ்டம். தெரிந்ததை விட மனம் வராது. ஓர் அறைக்கு மூன்று தகவல் என்று உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது தெரிந்தாலும் எழுத வேண்டாம். இன்னொரு தந்திரமும் உண்டு: குறைவாகத் தெரிந்தவரை முதலில் எழுதுங்கள். நன்றாகத் தெரிந்தது எப்படியும் வேகமாக வந்துவிடும்; நேரம் குறைந்தாலும் அதைச் சுருக்கி எழுத உங்களால் முடியும். கால வரிசைப்படி எழுதியாக வேண்டும் என்று கேள்வி சொல்லாதவரை, துருக்கியை முதலில் வைத்து ரஷ்யாவை அடுத்து வைப்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

அறிகுறி: 'ஒரு பகுதி விடுபட்டுள்ளது'

கேள்வியில் உள்ள வினைச்சொற்களை வட்டமிடாமல் விட்டதால் வருவது. குறிப்பாக 'மற்றும்', '-உம்' மீது கவனம் வேண்டும். 'ஒரு காரணத்தையும் ஒரு விளைவையும் விளக்கவும்' என்றால் அது ஒன்றல்ல, இரண்டு அறை. 'ஒவ்வொருவருக்கும்' என்ற சொல்லும் அப்படித்தான். ஒருவருக்கு மட்டும் பின்னணி எழுதிவிட்டு அடுத்தவருக்கு விட்டுவிடுவார்கள், அது பொதுவானதுதானே என்று நினைத்து. 17-ஆம் நூற்றாண்டு ரஷ்யாவும் முதல் உலகப் போரில் தோற்ற உஸ்மானியப் பேரரசும் எப்படிப் பொதுவாகும்?

அறிகுறி: முன்னுரை கேள்வியையே திருப்பிச் சொல்கிறது

'வரலாற்றில் பல ஆட்சியாளர்கள் தங்கள் நாட்டை நவீனப்படுத்தச் சீர்திருத்தங்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பீட்டரும் கமாலும் முக்கியமானவர்கள். இக்கட்டுரையில் அவர்களைப் பற்றிக் காண்போம்.'

மூன்று வரி, பூஜ்யம் தகவல். முன்னுரைக்கு ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் வகுப்பில் ஒருவர் 'இல்லை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்' என்று சொல்ல முடியுமா? மேலே உள்ளதை யாரும் மறுக்க முடியாது, அதனால் அது கருத்தே இல்லை.

மறுக்கக்கூடிய ஒன்று: 'பீட்டரும் கமாலும் மக்களின் கருத்தைக் கேட்காமல் சட்டத்தின் வழியே நாட்டை மாற்றினார்கள். ஆனால் பீட்டரின் மாற்றம் படையோடும் பிரபுக்களோடும் நின்றது. கமாலின் மாற்றம் பள்ளிக்கூடம், திருமணம் வரை இறங்கியது.' இதை மறுக்கலாம். கமாலின் சட்டங்களும் முதலில் நகரங்களைத்தான் தொட்டன என்று ஒருவர் வாதிடலாம். மறுப்பு சாத்தியம் என்பதால்தான் நீங்கள் நிரூபிக்க ஏதோ இருக்கிறது.

இந்த வரி எங்கிருந்து வரும்? மூன்றாவது அறைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வரும். 'வரலாற்றில்', 'ஆதிகாலம் தொட்டு', 'உலகில் எண்ணற்ற' என்று தொடங்கும் முதல் வாக்கியம் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள் என்றால், அதை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது.

அறிகுறி: 'பொதுவாக உள்ளது'

பல, நிறைய, மக்கள், மாற்றங்கள், முன்னேற்றம், பாதிப்பு. இந்தச் சொற்களை உங்கள் கட்டுரையில் எண்ணுங்கள். 'கமால் பல மாற்றங்களைக் கொண்டுவந்ததால் மக்கள் முன்னேறினார்கள்' என்ற வாக்கியத்தில் கமாலை எடுத்துவிட்டு உலகத்தின் எந்தத் தலைவர் பெயரைப் போட்டாலும் பொருந்தும். பெயர் மாற்றினாலும் பொருந்துகிற வாக்கியம் தேர்வில் செல்லாது.

'மக்கள்' என்று எழுதும்போது எந்த மக்கள் என்று கேளுங்கள். விவசாயிகளா, பிரபுக்களா, மதகுருமார்களா, நகரப் பெண்களா? 'மாற்றம்' என்றால் எது, எந்த ஆண்டு? 'முன்னேற்றம்' என்றால் எதிலிருந்து எதற்கு? பதில் வந்தால் வாக்கியம் தானே மாறும்: '1926-இன் குடிமைச் சட்டம் பலதார மணத்தைச் சட்டவிரோதமாக்கியது, பெண்களுக்கும் விவாகரத்துக் கோரும் உரிமை தந்தது.'

பதில் வரவில்லை என்றால் உங்களுக்கு அந்தத் தகவல் தெரியாது என்று பொருள். பொதுச் சொல்லை வைத்து மூடாதீர்கள். அந்த வாக்கியத்தையே விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதுங்கள்.

அறிகுறி: ஆண்டு மறந்துவிட்டது

பதற வேண்டியதில்லை. கருப்பொருள் கட்டுரையில் ஆண்டைவிட வரிசைதான் முக்கியம். நிஸ்டாட் உடன்படிக்கை நடந்த 1721 நினைவில் இல்லையென்றால் 'பீட்டரின் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில்' என்று எழுதலாம், சரியாகத்தான் இருக்கும். லத்தீன் எழுத்து வந்த 1928 சந்தேகமென்றால் '1920-களின் இறுதியில்'. இன்னும் நல்லது ஒரு நிகழ்வோடு கட்டிவைப்பது: 'நார்வாவில் தோற்றபின்', 'குடியரசு அறிவித்த மறு ஆண்டே'. இது காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது, அதனால் வெறும் ஆண்டைவிடப் பயன் அதிகம்.

செய்யக்கூடாதது ஒன்று: ஊகித்துத் திட்டமாக ஓர் எண் எழுதுவது. பீட்டர் 1725-இல் இறந்தார். '1732-இல் பீட்டர்' என்று நீங்கள் எழுதினால் அதற்குப் பிறகு வரும் நல்ல வாக்கியங்களையும் திருத்துகிறவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

அறிகுறி: எடுத்துக்காட்டு சரி, ஆனால் 'கருப்பொருளுக்குப் பொருந்தவில்லை'

எடுத்துக்காட்டு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் இப்படி ஆகும். தொழில்நுட்பம் பற்றிய கேள்விக்குத் 'தொழிற்புரட்சி' என்று எடுத்தால், நகரங்கள், குழந்தைத் தொழிலாளர், முதலாளித்துவம், கார்ல் மார்க்ஸ் என்று போய்க்கொண்டே இருக்கும். தொழில்நுட்பம் எங்கேயோ நின்றுவிடும். ஒரே இயந்திரத்தை எடுங்கள்.

எலி விட்னி 1793-இல் உருவாக்கிய பருத்தி விதை நீக்கும் இயந்திரம் நல்ல தேர்வு. விதை பிரிக்கும் வேலை எளிதானது. பார்த்தால் உழைப்புக் குறைய வேண்டும். நடந்தது நேர் எதிர். குட்டை இழைப் பருத்தி லாபமானதும் அமெரிக்கத் தெற்கில் பருத்தி வயல்கள் பரவின, பறிக்க ஆள் தேவை கூடியது, அடிமை முறை இறுகியது. 1790-இல் அமெரிக்காவில் சுமார் ஏழு லட்சம் பேர் அடிமைப்பட்டிருந்தார்கள். 1860-இல் சுமார் 40 லட்சம். ஒரு சின்ன இயந்திரத்திலிருந்து காரணம், விளைவு, எதிர்பாராத விளைவு மூன்றும் கிடைக்கின்றன, தலைப்பை விட்டு வெளியே போகாமல்.

இந்தக் கோளாறுக்கு இன்னொரு வடிவமும் உண்டு. எடுத்துக்காட்டு சின்னதுதான், ஆனால் எழுதப்போகும்போது கருப்பொருள் மறந்துவிடும். அதற்கு ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்திலும் கருப்பொருளோ அதற்கு நெருக்கமான சொல்லோ வருகிறதா என்று பாருங்கள். எல்லாப் பத்தியிலும் ஒரே வாக்கியத்தை ஒட்டவைக்கக் கூடாது. அது படிக்கிறவருக்குச் சலிப்பு.

அறிகுறி: நியாயம் பேசியிருக்கிறேன், சான்று கேட்கிறார்கள்

'அடிமை முறை கொடுமையானது, யாரும் அப்படி நடத்தப்படக் கூடாது.' உண்மை. ஆனால் இது வரலாற்று வாக்கியம் அல்ல. உங்கள் கோபம் சரியாக இருக்கலாம். அதைக் காட்டும் வழி மேலே உள்ள இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. கண்டனம் ஒரு வாக்கியம் போதும், அதுவும் சான்றுக்குப் பின்னால்.

அறிகுறி: முடிவுரைக்கு எதுவும் மிச்சமில்லை

'இவ்வாறு பீட்டரும் கமாலும் தங்கள் நாடுகளை நவீனப்படுத்தினார்கள்' என்று முடித்தால் கெடுதல் இல்லை, லாபமும் இல்லை. இதுவரை தனித்தனியாகச் சொன்ன இருவரையும் ஒரே வாக்கியத்தில் சந்திக்க வையுங்கள். உடலில் ஒப்பிட நேரம் இருந்திருக்காது, அதற்கு இதுதான் இடம்.

உதாரணமாக: இருவருமே எதிர்ப்புக்கு இடம் தரவில்லை. பீட்டர் 1698-இல் ஸ்த்ரெல்த்சி படையினரின் கலகத்தைக் கொடூரமாக ஒடுக்கினார்; கமால் காலத்தில் எதிர்க்கட்சிகள் நிலைக்கவில்லை. ஆனால் பின்விளைவு வேறு. ரஷ்யாவில் பீட்டர் இறந்த பிறகும் பண்ணையடிமை முறை இன்னும் 136 ஆண்டு நின்றது. துருக்கியில் கமால் இறந்து பன்னிரண்டு ஆண்டில், 1950-இல், அவர் நிறுவிய கட்சியே தேர்தலில் தோற்று ஆட்சியை ஒப்படைத்தது. மேலிருந்து வந்த மாற்றம் எது கீழே இறங்கியது என்ற உங்கள் முன்னுரையின் கேள்விக்கு இது பதில். முன்னுரையில் எழுதாத ஒன்று முடிவுரையில் வந்துவிட்டது என்றால், அதுவே உங்கள் உண்மையான கருத்தாக இருக்கலாம். நேரம் இருந்தால் மேலே போய் முன்னுரையைத் திருத்துங்கள்.

அறிகுறி: மணி அடிக்கப் போகிறது, இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் தொடங்கவில்லை

கட்டுரைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், கட்டத்துக்கு எட்டு நிமிடம், ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் பதினைந்து, முன்னுரை முடிவுரைக்கு மீதி. எட்டு நிமிடம் வீண் என்று தோன்றும். கட்டம் இல்லாமல் எழுதியவர்கள்தான் கடைசியில் இந்த நிலைக்கு வருகிறார்கள்.

வந்துவிட்டீர்கள், பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால்: முதல் எடுத்துக்காட்டை எழுதிக்கொண்டிருக்கும் இடத்திலேயே, வாக்கியம் முடிந்ததும் நிறுத்துங்கள். இரண்டாவதற்குப் போய் மூன்று வேலைக்கும் தலா இரண்டு வாக்கியம் எழுதுங்கள். ஒன்று நடந்தது, ஒன்று ஏன். பின்னணியை நான்கு வரி அழகாக எழுதிவிட்டு வெற்றி தோல்வியைத் தொடாமல் விடுவதைவிட இது மேல், ஏனென்றால் விடுபட்ட பகுதிக்கு யாராலும் மார்க் போட முடியாது. தலைப்பு வைக்கவோ அடிக்கோடு போடவோ வேண்டாம். முடிவுரைக்கு ஒரு வாக்கியம், அது ஒப்பீடாக இருக்கட்டும். அதற்கும் நேரமில்லை என்றால் கட்டத்தை அடித்துவிடாமல் அப்படியே விட்டுவிடுங்கள், மேலே 'திட்டம்' என்று மட்டும் எழுதி. எல்லாத் தேர்விலும் அதைக் கணக்கில் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் அடித்துவிட்டால் எடுக்கவே வழியில்லை.